பனி இல்லாத பனிச்சறுக்கு ஊரில் ஒரு வாரம்

கேள்வி: துபாயில் வசிக்கிறோம். ஜூலை கடைசியில் ஒரு வாரம் எங்காவது குளிர்ச்சியான இடத்துக்குப் போக ஆசை. நான், கணவர், 9 வயது மகள், 3 வயது மகன், முழங்கால் வலி உள்ள மாமியார் என ஐந்து பேர். ஊர் ஊராக ஓடாமல் ஒரே இடத்தில் இருந்து ஓய்வெடுக்க வேண்டும். ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் தங்கச் சொல்கிறார்கள். கோடையில் அங்கே எல்லாம் பூட்டிக் கிடக்காதா? மாமியாரால் மலையேற முடியாதே?

பதில்: பூட்டிக் கிடக்கும் காலம் உண்டு, ஆனால் அது ஜூலை இல்லை. ஏப்ரலில் சறுக்குப் பருவம் முடிந்ததும் பல விடுதிகளை மூடிவிடுவார்கள். கேபிள் கார்களையும் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை ஊர் மறுபடி கலகலப்பாக இருக்கும். சென்னையிலிருந்து உறவினர்கள் யாராவது மே மாத விடுமுறையில் இதே இடத்துக்கு வரக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்போது உயரமான பாதைகளில் பனி கிடக்கும், பாதிக் கடைகள் திறந்திருக்காது.

மாமியாரைப் பற்றிய கவலையும் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மற்ற மலைக் கிராமங்களைவிட பனிச்சறுக்கு ஊர்தான் நல்லது. சறுக்க வருகிறவர்களை உச்சிக்குக் கொண்டுபோகப் போட்ட ரயிலும் கேபிள் காரும் கோடையிலும் ஓடுகின்றன. 2,000 மீட்டருக்கு மேலே போய், ஒரு படிகூட ஏறாமல், உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது சுவிட்சர்லாந்தின் வெங்கன். 1,274 மீட்டர் உயரம். ஊருக்குள் வெளியூர்க் கார்கள் வர முடியாது. கீழே பள்ளத்தாக்கில் உள்ள லாட்டர்புருன்னன் ஊரிலிருந்து பல்சக்கர ரயிலில் கால் மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். மூன்று வயதுப் பையனைக் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்பதே பெற்றோருக்குப் பாதி ஓய்வு. ஆனாலும் சாமான் ஏற்றும் சின்ன மின் வண்டிகள் சத்தமில்லாமல் வரும், அதில் மட்டும் கவனம் வையுங்கள். ஜூலையில் பகல் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 10 வரைகூட இறங்கும்.

வீடு பிடிக்கும்போதுதான் நிதானம் தேவை. ஊர் சரிவில் இருக்கிறது. படத்தில் அழகாகத் தெரியும் மரவீட்டுக்கு ஸ்டேஷனிலிருந்து செங்குத்தான பாதை இருக்கலாம், உள்ளே படிகளும் இருக்கலாம். ‘ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிட நடை, ஏற்றமா, லிஃப்ட் உண்டா’ என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சமையலறை உள்ள வீடே நல்லது. பல வீடுகளை சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்றுதான் தருவார்கள், விமான டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வடிக்கும் சோறு வேக நேரமாகும். சின்ன குக்கர் ஒன்று எடுத்துப் போனால் தீர்ந்தது. அங்கே பிளக் வேறு, துபாய் பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

அப்புறம், என்ன செய்வது? ஒரு நாளுக்கு ஒரு வெளிவேலை போதும், அதுவும் காலையில். ஜூலை, ஆகஸ்ட்டில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வருவது வழக்கம். காலையில் எழுந்ததும் கேபிள் கார் நிறுவனங்களின் நேரலை கேமராவைப் பாருங்கள். மேலே மூடுபனி என்றால் அன்று கீழேயே இருந்துவிடலாம், டிக்கெட் காசு மிச்சம்.

வானம் தெளிந்த முதல் நாளை மென்லிஹன் என்ற மலைக்கு வையுங்கள். வெங்கனிலிருந்தே கேபிள் கார் உண்டு. சில நிமிடங்களில் ஏறத்தாழ 950 மீட்டர் உயர்வதால் காது அடைக்கும். மகனுக்குக் குடிக்க ஏதாவது கையில் வைத்திருங்கள். மேலே பெரிய பசு உருவத்தோடு ஒரு விளையாட்டுத் திடல். அங்கிருந்து க்ளைனே ஷைடெக் மலை ரயில் நிலையம் வரை மெல்ல இறங்கும் அகலமான பாதை, நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடக்கும் வழியெல்லாம் ஐகர், ம்யோன்ஹ், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றும் எதிரிலேயே நிற்கும். நீங்களும் பிள்ளைகளும் இதில் நடங்கள். மாமியாரும் உங்கள் கணவரும் வெங்கனிலிருந்து நேராக ரயிலில் க்ளைனே ஷைடெக் வந்து, உணவகத் திண்ணையில் உங்களுக்காகக் காத்திருக்கட்டும். திரும்பும்போது எல்லோரும் ஒரே ரயில்.

மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் நடக்கும் நேரத்தைப் போட்டிருப்பார்கள். அது நிற்காமல் நடப்பவர் கணக்கு. ஒன்றரை மணி என்றிருந்தால் சின்னவனோடு மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மட்டும் உள்ள பாதை உங்களுக்கு ஏற்றது; வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு கண்டால் அது மலைப்பாதை, திரும்பிவிடுங்கள்.

குளிர்காலத்தில் சறுக்கும் சரிவுகள் கோடையில் மேய்ச்சல் நிலம். 1930-இல் தொடங்கிய லாபர்ஹார்ன் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும் தடத்திலும் பசுக்கள் மணியோடு மேய்ந்துகொண்டிருக்கும். மகள் ஓடிப்போய்த் தொட நினைப்பாள், விடாதீர்கள். கன்றோடு நிற்கும் பசு முட்ட வரும். மேய்ச்சலைச் சுற்றி மின்கம்பி இருக்கும். பாதையின் குறுக்கே வரும் இடத்தில் பிளாஸ்டிக் கைப்பிடி உண்டு. அதை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, தாண்டிய பிறகு மறக்காமல் மாட்டிவிட்டுப் போக வேண்டும். முதல் நாளே மகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்து அந்த வேலையை அவளிடமே விடுங்கள்.

மாமியார் நன்றாக நடக்கக்கூடிய இடம் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் சமதளப் பாதை. 297 மீட்டர் விழும் ஷ்டௌப்பாஹ் அருவி பக்கத்திலேயே. களைத்தால் ஷ்டெஹெல்பெர்க் பஸ்ஸில் ஏறிவிடலாம். அதே வழியில் உள்ள ட்ரும்மெல்பாஹ் அருவி மலைக்குள்ளே பாய்வது, பார்க்க அசரவைக்கும். ஆனால் ஈரப் படிகள் அதிகம், 4 வயதுக்குக் கீழ் அனுமதியும் இல்லை. மகளோடு ஒருவர் மட்டும் போகட்டும். இன்னொரு நாள் ம்யூரன் என்ற மலைக் கிராமத்துக்குப் போய் அல்மெண்ட்ஹூபல் ரயிலில் ஏறினால் மலர் உருவங்களில் அமைத்த திடல் இருக்கிறது, மகனுக்கு அதுவே திருவிழா.

யுங்ஃப்ராவ்யோக்? பனி மூடிய உயரத்தில் உள்ள ரயில் நிலையம், 3,454 மீட்டர். சுற்றுலாக் குழுக்கள் எல்லாம் அங்கேதான் போகும். உங்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. தலைவலி, மூச்சுத்திணறல் வந்தால் மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. மகள் பனியைத் தொட்டே தீர வேண்டும் என்றால் அப்பாவோடு முதல் ரயிலில் போய் வரட்டும். மாமியாருக்கு இதய, மூச்சுப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

உயரத்தில் வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் தோலைச் சுடும். தொப்பி, சன்ஸ்கிரீன், மழைச்சட்டை, ஸ்வெட்டர் நான்கும் தினமும் பையில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். ‘குடிநீர் அல்ல’ என்று எழுதியிராத ஊர்த் தொட்டிக் குழாய்களில் பிடித்துக் குடிக்கலாம். சைவம் என்றால் ரோஸ்டி கேளுங்கள், உருளைக்கிழங்கைத் துருவி வறுப்பது. பன்றி இறைச்சித் துண்டு சேர்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் 1 அவர்களின் தேசிய நாள். முடிந்தால் அன்று ஊரிலேயே இருங்கள். பிள்ளைகள் காகித விளக்கோடு வருவார்கள், மலையில் தீ மூட்டுவார்கள்.

சுவிஸ் டிராவல் பாஸ் என்ற பயணச் சீட்டு வெங்கன், ம்யூரன் வரை செல்லும், அதற்கு மேலே சலுகை விலை. பெற்றோர் பாஸ் வாங்கினால் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசமாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மாமியார் இந்தியாவில் வசிப்பவர் என்றால் அவர் அங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும், அதை முதலில் தொடங்குங்கள். காப்பீடு எடுக்கும்போது மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். அந்த ஹெலிகாப்டர் மீட்புக்கு அங்கே அழைக்கும் எண் 1414.