ஜூலையில் கேரவன், இரண்டு குழந்தைகள்: லிட்ச்ஃபீல்டா, காக்கடுவா?

வணக்கம். வட ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து ஐந்து நாள், ஆறும் ஒன்பதும் வயதில் குழந்தைகள், சாதாரண கார் இழுக்கும் கேரவன், முதலை பயம் வேறு, லிட்ச்ஃபீல்டு, காக்கடு தேசியப் பூங்காக்களில் எதற்குப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் லிட்ச்ஃபீல்டுக்குப் போங்கள். காக்கடுவின் ஜிம் ஜிம் அருவிக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும், உங்களுக்குச் சரிவராது. பேட்ச்சலர் என்ற ஊர் வழியாக லிட்ச்ஃபீல்டு வரை தார்ச் சாலைதான்.

குழந்தைகளுக்கு அங்கே பியூலி ராக்ஹோல்தான் சொர்க்கம். பாறையில் அடுக்கடுக்காக இறங்கும் குட்டிக் குளங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். ஆழம் குளத்துக்குக் குளம் மாறும், முதலில் நீங்கள் இறங்கிப் பாருங்கள். பாறை வழுக்கும், ஷூ கட்டாயம். காலையிலேயே போய்விடுங்கள், பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும். அதே பூங்காவில் டோல்மர் அருவியைப் பார்க்கலாம், குளிக்க முடியாது.

முதலை பயம் நியாயமானதுதான். மழைக்கால வெள்ளத்தில் உப்புநீர் முதலைகள் உள்ளே வந்துவிடும். ரேஞ்சர்கள் தேடிப் பார்த்த பிறகே குளங்களைத் திறப்பார்கள். அப்படியும் 2023 ஜூலையில் லிட்ச்ஃபீல்டின் ‘வாங்கி’ (Wangi) அருவியில் ஒருவரை முதலை கடித்தது. அதனால் அன்றன்று காலை பூங்கா அறிவிப்பைப் பாருங்கள், குளிக்கலாம் என்று பலகை சொல்லும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். மற்ற ஆற்றங்கரைகளில் பிள்ளைகள் தண்ணீரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியே நிற்கட்டும், கை கழுவக்கூட விடாதீர்கள்.

அப்புறம், கடைசி இரண்டு நாளை கேத்தரின் ஊர்ப் பக்கம் ‘லெலியின்’ (Leliyn, எடித் அருவி என்றும் சொல்வார்கள்) என்ற அருவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் தார்ச் சாலைதான்.