முழு இழப்பு என்று எழுதப்பட்ட காரை வாங்கலாமா? – கேள்வி பதில்

விபத்திலும் வெள்ளத்திலும் சிக்கிய வாகனங்களின் சேதத்தை மதிப்பிடும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட காரை வாங்குவது பற்றி நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருந்தனர். அவர்களுடைய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: முழு இழப்பு என்று நிறுவனமே முடிவு செய்துவிட்ட கார் மீண்டும் சாலைக்கு வருவது எப்படி? ஓடுகிற காரை ஏன் கைவிட்டார்கள்?

பதில்: முழு இழப்பு என்பது முதலில் ஒரு கணக்கு. காரின் மதிப்பையும் பழுது நீக்கும் செலவையும் அருகருகே வைத்துப் பார்த்து, செலவு ஓர் எல்லையைத் தாண்டினால், பழுது பார்ப்பதைவிட உரிமையாளருக்கு முழுத் தொகையைக் கொடுத்துவிடுவதே மேல் என்று நிறுவனம் தீர்மானிக்கிறது. இந்தியாவில் அந்த எல்லை, பாலிசியில் குறிப்பிட்ட காரின் மதிப்பில் 75 விழுக்காடு. அதன் பிறகு சேதமடைந்த வண்டி ஏலத்துக்குப் போகிறது. அதை எடுத்தவர் சரிசெய்து விற்கிறார்.

இதனால் விளைவது என்னவென்றால், பத்து ஆண்டு ஓடிய சிறிய காரில் இரண்டு ஏர்பேக் வெடித்து முன்பக்க விளக்குகள் உடைந்தாலே அது முழு இழப்பாகிவிடக்கூடும். அதே வேளையில், விலை உயர்ந்த புதிய காரின் சட்டகமே வளைந்திருந்தாலும், அதன் மதிப்பு அதிகம் என்பதால் பழுது பார்க்கப்பட்டு, ஆவணத்தில் ‘முழு இழப்பு’ என்ற எந்த முத்திரையும் இல்லாமல் வெளியே வந்துவிடும். ஆகவே முத்திரையைக் கண்டவுடன் ஓடவும் வேண்டாம், முத்திரை இல்லை என்று நிம்மதி அடையவும் வேண்டாம். ஏன் கைவிடப்பட்டது, யார் எதைக் கொண்டு சரிசெய்தார் என்ற இரண்டுக்கும் சான்றுடன் விடை கிடைக்கிறதா என்பதையே பாருங்கள்.

கேள்வி: நான் பிரிட்டனில் வசிக்கிறேன். விளம்பரங்களில் சில கார்களுக்கு ‘எஸ்’ என்றும் சிலவற்றுக்கு ‘என்’ என்றும் வகை குறிப்பிடுகிறார்கள். ‘என்’ வகை என்றால் பயமில்லாமல் வாங்கலாம் அல்லவா?

பதில்: முழு இழப்பான கார்களுக்கு அங்கே தரப்படும் அந்தப் பிரிவுகள் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தவை. ‘ஏ’ என்றால் முழுவதுமாக நசுக்கப்பட வேண்டியது. ‘பி’ என்றால் உதிரிப் பாகங்களைக் கழற்றிக்கொண்டு கூட்டை நசுக்க வேண்டியது. இவ்விரண்டும் சாலைக்குத் திரும்பக் கூடாதவை. ‘எஸ்’ என்பது சட்டகம் சேதமடைந்து, சரிசெய்யத் தக்கது. ‘என்’ என்பது சட்டகத்தில் சேதமில்லாதது. அதற்கு முன்பு இருந்த ‘சி’, ‘டி’ பிரிவுகள் செலவுக் கணக்கை ஒட்டியவை. பழைய கார்களின் ஆவணங்களில் அவற்றை இன்னும் காணலாம்.

ஆனால் சட்டகத்தில் சேதமில்லை என்பதற்குப் பாதுகாப்பில் குறையில்லை என்று பொருளல்ல. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக் ஆகியவற்றில் சேதம் இருந்தாலும் ஒரு கார் ‘என்’ வகையில் சேரலாம். ஒழுங்காகச் சீராக்கி முழு ஆவணங்களோடு வரும் ‘எஸ்’ கார், ஒரு துண்டுக் காகிதமும் இல்லாத ‘என்’ காரைவிட நம்பத்தக்கது என்பது என் கருத்து.

கேள்வி: விற்பவர் விபத்து நடந்ததையே மறைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கிறது.

பதில்: பளபளப்பை விட்டுவிட்டு இடைவெளிகளைப் பாருங்கள். பானெட்டுக்கும் இருபக்கத் தகடுகளுக்கும் இடையிலான சந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். கதவுகளுக்கும் டிக்கிக்கும் அப்படியே. பிறகு பானெட் கீல்களின் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் பூசிய பெயிண்டின் மேல் கீறல் விழுந்திருந்தால் அந்தப் பாகம் ஒரு முறையாவது கழற்றப்பட்டிருக்கிறது. டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியின் அடித்தகட்டில் சுருக்கமோ புதிய வெல்டிங்கோ தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். பின்னாலிருந்து மோதப்பட்ட கார் பெரும்பாலும் அங்கேதான் தன் கதையைச் சொல்லிவிடும்.

பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி கிடைத்தால் மிகவும் நல்லது. தொழிற்சாலைப் பூச்சு ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அது இரட்டிப்பானால் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள். காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழைய முறை அலுமினியத் தகட்டிலும் பிளாஸ்டிக் பம்பரிலும் பயன்படாது.

இவற்றைவிட என்னைக் கவலைப்பட வைப்பது கண்ணுக்குத் தெரியாத இரும்பு. இன்றைய கார்களின் கதவுத் தூண்களிலும் அடிச்சட்டத்திலும் மிகு வலிமை கொண்ட எஃகைப் பயன்படுத்துகிறார்கள். அதைச் சூடேற்றி நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், வலிமை திரும்பாது. அடுத்த மோதலில் அந்தத் தூண் தாங்க வேண்டியதைத் தாங்காது, உள்ளே இருப்பவர் தாங்க வேண்டியிருக்கும். எனவே காரை லிஃப்டில் ஏற்றி, விற்பவரோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு அடிச்சட்டத்தை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். நான்கு சக்கர அலைன்மென்ட் அறிக்கையும் வேண்டும். இடப்பக்கம் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் வலப்பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் சட்டகமோ சஸ்பென்ஷனோ நேராக இல்லை.

கேள்வி: ஏர்பேக் விளக்கு எரியவில்லை. அப்படியானால் ஏர்பேக் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில வினாடிகள் எரிந்து பிறகு அணைய வேண்டும்; எரியவே இல்லை என்றால் அதைத் துண்டித்திருக்கலாம். சிலர் அதை வேறொரு விளக்கின் வயரோடு இணைத்துவிடுகிறார்கள். அப்போது இரண்டும் ஒரே கணத்தில் அணையும். இன்னும் சிலர் ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு மின்தடையை வைத்து, எல்லாம் சரி என்று கணினியை நம்பவைக்கிறார்கள். ஆகவே காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பிழை எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது. புதிய ஏர்பேக் வாங்கிய ரசீதில் பாக எண்ணைப் பாருங்கள். சீட் பெல்ட்டை இறுக்கும் வெடிச் சாதனமும் ஒரு முறை மட்டுமே வேலை செய்வது என்பதால், அதையும் மாற்றிய ரசீது இருக்க வேண்டும். இந்த ஏமாற்று வேலைகளைப் பார்த்திருக்கிறேன், பின்னால் குழந்தைகளுக்கான இருக்கை பொருத்திய காரிலும் பார்த்திருக்கிறேன். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற கார் ஒன்று மூன்றில் ஒரு பங்கு விலை குறைவாக வருகிறது. எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

பதில்: தண்ணீர் எதுவரை ஏறியது, அது நன்னீரா உப்புநீரா என்று முதலில் கேளுங்கள். உப்புநீர் என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். நன்னீர் என்றாலும், இருக்கை மட்டத்தைத் தாண்டியிருந்தால் நான் வாங்க மாட்டேன். எஞ்சினைப் பிரித்துத் துடைக்க முடியும். கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயரிங்கின் ஒவ்வொரு இணைப்பிலும் ஏறிய ஈரத்தைத் துடைக்க முடியாது. பச்சை பூத்த ஒரு செப்பு முனை எட்டு மாதம் கழித்து, ஒரு மழைநாளில், பவர் ஸ்டியரிங்கை நிறுத்திவிடக்கூடும்.

விற்பவர் வெள்ளத்தை மறைத்தாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து வண்டல் கறை கோடாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகளில் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் மண் கோடு, எட்டு ஆண்டுக் காரில் புத்தம் புதிய கம்பளம், காரணம் சொல்ல முடியாத அளவுக்கு வாசனைத் திரவியம் ஆகிய எல்லாமே சான்றுகள்.

கேள்வி: மின்சாரக் காருக்கும் இதே சோதனைகள் போதுமா?

பதில்: போதாது. பேட்டரிப் பெட்டியில் அடிபட்டிருந்தாலோ தண்ணீர் புகுந்திருந்தாலோ, நாள்கள் கடந்த பின்னரும் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர் பேட்டரியைச் சோதித்து எழுத்தில் சான்று தராவிட்டால் வாங்க வேண்டாம்.

கேள்வி: திருடுபோய், காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்குப் பணம் கொடுத்த பிறகு கிடைத்த கார் என்கிறார்கள்.

பதில்: சேதமே இல்லாமல் முத்திரை விழும் கார்களில் இதுவும் ஒன்று, சில வேளை நல்ல பேரமாகவும் அமையும். சேசிஸ் எண் பதினேழு எழுத்துகளும் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா, அந்த இடம் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் கூர்ந்து பாருங்கள்.

கேள்வி: தெரியாமல் இப்படி ஒரு காரை வாங்கிவிட்டேன். பாலிசி புதுப்பிக்கும்போது இதைச் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள், எழுத்து மூலமாகவே சொல்லுங்கள். சில நிறுவனங்கள் மறுக்கலாம், சில பிரீமியத்தை உயர்த்தலாம். ஆனால் மறைத்து எடுத்த பாலிசியில் நாளை இழப்பீடு மறுக்கப்பட்டால் உங்களுக்கு வாதமே இருக்காது. மீண்டும் ஒரு முழு இழப்பு நேர்ந்தால் குறைந்த சந்தை மதிப்பே கணக்கில் எடுக்கப்படுமா என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன் இந்த வாரமே காரைச் சோதனைக்குக் கொண்டுபோய் அடிச்சட்டத்தையும் ஏர்பேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறிக்கை வரும்வரை குடும்பத்தை அதில் ஏற்ற வேண்டாம். விற்றவரின் விளம்பரத்தையும் உங்களுக்குள் நடந்த செய்திப் பரிமாற்றத்தையும் அழிக்காமல் வையுங்கள், விபத்து இல்லாத கார் என்று அவர் எழுதியிருந்தால் நுகர்வோர் வழக்கில் அதுவே உங்கள் முதல் சான்று.