பாக்குவெட்டியை எந்தப் பையில் வைப்பது?

கேள்வி: அன்புள்ள அக்கா, என் அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசம் அடுத்த மாதம் வருகிறது. பாரிஸில் இருக்கும் அண்ணா விசா எடுத்துத் தந்திருக்கிறார். வதிவிட அனுமதிச் சிக்கலால் அவர் செத்தவீட்டுக்கு வரவில்லை. கொள்ளியை என் மகன்தான் வைத்தான். "ஆண்டு முடியாமல் கடல் கடக்கக்கூடாது, திவசத்தை இந்த வீட்டில்தான் செய்ய வேண்டும்" என்கிறார் மாமி. அம்மாவின் பாக்குவெட்டியைக் கைப்பையில் கொண்டுபோக ஆசை. ஈபிள் கோபுரத்தின் முன் சிரித்துக்கொண்டு படம் எடுத்தால் அம்மாவுக்குத் துரோகமா?
- பெயர் வேண்டாம், காரைதீவு

பதில்: அன்புத் தங்கைக்கு,

பாக்குவெட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஸ்கானருக்கு அது கத்திதான். பறித்துக்கொண்டால் நீங்கள் அழுதாலும் திரும்பி வராது. அம்மாவின் சேலை ஒன்றில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றாவது அவர் அலமாரியில் இருக்குமே. கற்பூரம் எந்தப் பெட்டியிலும் வேண்டாம். தீப்பற்றும் பொருள், விமானத்தில் தடை. அண்ணா எருமைத் தயிர் கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்: பாற்பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக முடியாது. வெற்றிலையைச் சுமக்கவும் தேவையில்லை, பாரிஸின் லா சப்பல் பகுதியில் தமிழ்க்கடைக்குக் குறைவில்லை. கருவாட்டுக்கு 20 கிலோ வரை தடையில்லை. மணம் உங்கள் பொறுப்பு.

இனி மாமி. திவசம் செய்ய வேண்டியவர் மகன் என்பதை அவரே ஒத்துக்கொள்வார். அந்த மகன் பாரிஸில் இருக்கும்போது, காரைதீவில் வீடு கழுவி யாரைக் காத்திருப்பது? பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத்தில் அண்ணாவை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். திதியைச் செய்யும் ஊரின் நேரத்துக்குத்தான் கணிக்க வேண்டும். பாரிஸ் நமக்குக் கோடையில் மூன்றரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலமும் பிந்தியது. இங்கே வரும் திகதிக்கு முதல் நாளே அங்கே திதி வந்துவிடலாம். உங்கள் வீட்டில் பார்ப்பது வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் மாமியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். கேட்டால் அவர் கோபமும் பாதி இறங்கும். தாயை இழந்தவர்கள் விரதமிருக்கும் சித்திரா பௌர்ணமியை வருடாவருடம் இந்த வீட்டில் அவரோடு சேர்ந்து பிடிப்பதாகச் சொல்லுங்கள், மீதியும் இறங்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அண்ணாவைப் பற்றிய அந்த ஒரு வரி. நீங்கள் அம்மாவைக் குளிப்பாட்டியிருப்பீர்கள். எட்டு, அந்தியேட்டி என்று முப்பத்தொரு நாளும் வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தே கொஞ்சத் துக்கம் கரைந்திருக்கும். அண்ணா எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, அடுத்த நாள் விடிய வேலைக்கு ரயில் ஏறியிருப்பார். கட்டிப்பிடித்து அழ அவருக்கு ஒருவரும் இல்லை. நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு என்பதால் நீங்கள் இன்றும் அம்மாவின் வீட்டில்தான் படுத்து எழும்புகிறீர்கள். அவர் தேய்த்த அம்மி உங்கள் குசினியில் கிடக்கிறது. அண்ணாவிடம் ஒரு படம் இருக்கும், அதுவும் தொலைபேசிக்குள். ஆகவே இந்தப் பயணத்தில் அம்மாவுக்குச் செய்வதைவிட அண்ணாவுக்குச் செய்வதுதான் கூட இருக்கிறது. அவர் கேட்கக் கேட்கக் கடைசி நாட்களைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாகத் தொடங்க வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள்.

ஈபிள் கோபுரத்தின் முன் தாராளமாகச் சிரியுங்கள். அழுத முகத்தோடு எடுத்த படத்தை எந்தத் தாய் பார்க்க விரும்புவாள்? திவசத்துக்கு ஒரு நாளை வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் ஊர் பாருங்கள். போகும் இடமெல்லாம் அம்மாவின் படத்தைத் தூக்கி வைத்து இன்னொரு படம் எடுக்கும் புதுப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள்.

படையல் அன்று பாக்குவெட்டியை அண்ணாவின் கையில் கொடுத்துப் பாக்குச் சீவச் சொல்லுங்கள். சின்ன வயதில் அம்மாவுக்குச் சீவிக் கொடுத்த கை மறந்திருக்காது. திரும்பி வரும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா என்று அப்போது யோசியுங்கள். இப்போதே முடிவெடுக்க வேண்டாம். சேலையை மட்டும் மடித்து மறுபடி பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.