ஈஎஸ்பி வழியாகப் போகும் எச்டிடிபி ரிக்வெஸ்ட்: பின்னால் 404 வந்தால் முன்னால் ஏன் 500?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது. உங்கள் ஈஎஸ்பி (சர்வீஸ்களுக்கு நடுவில் நின்று மெசேஜ்களைக் கடத்தும் பஸ்) அப்பாச்சி கேமல் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் இருக்கிறது. அதில் இரண்டு ரூட், அதாவது மெசேஜ் போகும் வழிகள், வைத்திருக்கிறீர்கள். ஆர்டரைத் தேடும் ரூட் ஜெட்டி என்ற வெப் சர்வரில் வாங்கி நேராகப் பின்னால் இருக்கும் சர்வீஸுக்கு எச்டிடிபியில் அனுப்புகிறது; அங்கே 404 (கேட்டது இல்லை) வந்தாலும் க்ளையன்ட்டுக்கு 500 (சர்வரில் கோளாறு) போகிறது. ஆர்டரைப் பதியும் ரூட் ஆக்டிவ்எம்க்யூ என்ற மெசேஜ் க்யூ வழியாகப் போய்ப் பதில் வாங்குகிறது. பின்னால் ஆர்டர் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது, க்ளையன்ட்டுக்கோ 503 (சர்வீஸ் இப்போது கிடைக்காது). என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு லாக் போட்டால் பாடி காலியாகப் போகிறது.

மூன்று பிரச்சினைக்கும் வேர் ஒன்றுதான். ஈஎஸ்பி என்றதும் குழாய் மாதிரி ஒரு படம் வரைந்து காட்டி நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்: இந்தப் பக்கம் ரிக்வெஸ்ட் நுழைகிறது, அந்தப் பக்கம் வெளியே வருகிறது. உண்மையில் எதுவும் ஊடுருவிப் போவதில்லை. க்ளையன்ட் அனுப்பிய ரிக்வெஸ்ட் உங்கள் ஜெட்டியோடு முடிந்துவிடுகிறது. அதிலிருந்து சில விஷயங்களை எடுத்து கேமல் ஓர் எக்ஸ்சேஞ்ச் (ரூட்டுக்குள் மெசேஜைச் சுமக்கும் பொட்டலம்) செய்கிறது. பிறகு அதை வைத்துப் புதிதாக இன்னொரு ரிக்வெஸ்ட்டை, தானே ஒரு க்ளையன்ட்டாக, பின்னால் அனுப்புகிறது. முன்பக்கம் சர்வர், பின்பக்கம் க்ளையன்ட், இரண்டும் தனித்தனிப் பேச்சு. ஸ்டேட்டஸ், ஹெடர், பாடி, காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்கு யாராவது எடுத்துவைக்க வேண்டும். நீங்கள் வைக்காவிட்டால் ஃப்ரேம்வொர்க் தன் டீஃபால்ட்டை வைக்கும்.

முதலில் 500. கேமலின் எச்டிடிபி காம்பொனென்ட், 200 முதல் 299 வரை வராத எந்த ஸ்டேட்டஸையும் தோல்வி என்று எடுத்துக்கொண்டு எக்செப்ஷன் வீசும். இதுதான் டீஃபால்ட். பின்னால் வந்த 404 ஒரு நேர்மையான பதில்: 'இந்த எண்ணில் ஆர்டர் இல்லை.' ஆனால் உங்கள் ரூட்டுக்குள் அது எக்செப்ஷனாக மாறி, கையாள ஆளில்லாமல் ஜெட்டி வரை மேலே வந்து, 500 ஆக வெளியே போகிறது. பழைய கேமல் பதிப்புகளில் இதோடு முழு ஸ்டேக் ட்ரேஸும் க்ளையன்ட்டுக்குப் போகும். உள்ளே இருக்கும் கிளாஸ் பெயர்களை எல்லாம் ஊருக்கே காட்டிய மாதிரி. வெறுமனே கடத்திவிடும் ரூட்டுக்கு 'த்ரோ எக்செப்ஷன் ஆன் ஃபெயிலியர்' என்ற ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்குங்கள், 404 அப்படியே 404 ஆகப் போகும்.

அதற்காக எல்லா ரூட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு ஃபால்ஸ் போட்டுவிடாதீர்கள். நடுவில் இரண்டு மூன்று சர்வீஸைக் கூப்பிட்டுப் பதில்களைச் சேர்க்கும் ரூட்டில் எக்செப்ஷன் வருவதுதான் நல்லது, இல்லையென்றால் முதல் சர்வீஸின் எரர் பக்கத்தை இரண்டாவதற்கு டேட்டா என்று நினைத்து அனுப்பி வைக்கும். அங்கே எக்செப்ஷனைப் பிடித்து நீங்களே முடிவெடுக்க வேண்டும். பின்னால் இருப்பவர் உளறினால் 502, நேரத்துக்குள் பதிலே சொல்லாவிட்டால் 504. 500 என்பது 'பஸ்ஸுக்குள்ளேயே ஏதோ உடைந்துவிட்டது' என்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது யாரை எழுப்புவது என்பதிலாவது சண்டை வராது.

இதே ரூட்டில் இன்னொன்றும் பாருங்கள். ஜெட்டி உள்ளே வாங்கும்போது, வந்த முகவரியை ஒரு கேமல் ஹெடரில் போட்டு வைக்கிறது. எச்டிடிபி காம்பொனென்ட் வெளியே அனுப்பும்போது அந்த ஹெடர் இருந்தால், நீங்கள் எழுதிய முகவரியை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும். 'பிரிட்ஜ் எண்ட்பாயிண்ட்' ஆப்ஷனை ட்ரூ ஆக்கினால்தான் நீங்கள் எழுதிய முகவரி ஜெயிக்கும். கேமலில் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் ஒருநாள் மண்டை காய்ந்திருப்பார்கள்.

ஹெடர் பேச்சு வந்ததால் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். கேமல் என்று தொடங்கும் ஹெடர்கள் ரூட்டின் நடத்தையையே மாற்றக்கூடியவை என்பதால், வெளியிலிருந்து அப்படி வந்தால் வடிகட்டிவிட வேண்டும். கேமல் அதைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எழுத்துகளைப் பெரிதும் சின்னதுமாக மாற்றி அனுப்பினால் வடிகட்டியைத் தாண்டிவிடலாம் என்று 2025 மார்ச்சில் வெளியே வந்தது. 4.10.2, 4.8.5, 3.22.4 பதிப்புகளில் சரிசெய்தார்கள். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால், இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன் அப்கிரேட் டிக்கெட் ஒன்றைப் போட்டுவிட்டு வாருங்கள்.

சரி, 503. உண்மையான வம்பு இதுதான். நீங்கள் கேள்விக்குக் கீழே, பேக்எண்ட் மெதுவாக இருப்பதால் ஜேஎம்எஸ் (க்யூவோடு பேச ஜாவா வைத்திருக்கும் முறை) ரிக்வெஸ்ட் டைம்அவுட்டை 60 வினாடி ஆக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் டீஃபால்ட் 20 வினாடி. ஆனால் முன்னால் இருக்கும் ஜெட்டிக்குத் தனியாக ஒரு கன்டினியுவேஷன் டைம்அவுட் இருக்கிறது, அதன் டீஃபால்ட் 30 வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் ஜெட்டி 503 கொடுத்துவிட்டுப் போய்விடும். பேக்எண்ட் 40 வினாடி எடுத்தால்? க்ளையன்ட் 30-வது வினாடியில் 503 வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். 40-வது வினாடியில் ஆர்டர் பதிவாகி, பதில் க்யூ வழியாக கேமலுக்குத் திரும்பி வருகிறது, ஆனால் அதைக் கொடுக்க க்ளையன்ட் அங்கே இல்லை. இரண்டு பக்கத்தாரும் தங்கள் லாகைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள், இருவர் சொல்வதும் உண்மை. உங்கள் 503 எல்லாம் சரியாக 30 வினாடியை ஒட்டியே விழுகிறதா என்று ஆக்சஸ் லாகில் பாருங்கள். ஆமாம் என்றால் குற்றவாளி இந்த ஜெட்டி டைம்அவுட்தான்.

டைம்அவுட்களுக்கு விதி ஒன்றுதான்: வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும். க்ளையன்ட் 50 வினாடி என்றால் ஜெட்டி 45, க்யூ 40, பேக்எண்ட் அழைப்பு 35, இந்த மாதிரி. அப்போதுதான் தோல்வி உள்ளே முதலில் தெரிந்து, அர்த்தமுள்ள பதிலாக வெளியே வரும். ஜாவாவில் இதைக் குழப்பும் விஷயம், பழைய எச்டிடிபி-யூஆர்எல்-கனெக்ஷனில் கனெக்ட், ரீட் இரண்டுக்குமே டீஃபால்ட் பூஜ்யம், அதாவது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். ஜாவா 11-இல் வந்த புதிய க்ளையன்ட்டும் நீங்கள் சொல்லாமல் எந்த வரம்பும் வைக்காது. எங்கேயாவது ஒரு பீன் கிளாஸுக்குள் யாராவது இப்படி நேராக ஓர் அழைப்பு எழுதி வைத்திருந்தால், மேலே நீங்கள் அடுக்கிய கணக்கு அத்தனையும் வீண்.

வரம்பில்லாமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்யாணப் பந்தியைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் டீஃபால்ட்டாக 200 த்ரெட் (ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டைக் கவனிப்பது), அதாவது 200 இலை. ஒரே ஒரு பேக்எண்ட் படுத்துவிட்டது என்றால், அதற்காக வந்தவர்கள் சாப்பாடு வராமலும் எழுந்திருக்காமலும் இலை முன் உட்கார்ந்தே இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் 200 இலையும் அவர்களிடம். அந்த பேக்எண்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மற்ற சர்வீஸ்களுக்கு வந்தவர்களும் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஈஎஸ்பியின் பெரிய அபாயம் இதுவே: எல்லோரும் ஒரே கூடத்தில் சாப்பிடுகிறார்கள். அதனால்தான் டபிள்யூஎஸ்ஓ2 போன்ற நிறுவனங்களின் ஈஎஸ்பிகள் நான்-பிளாக்கிங் ஐஓவை (பதிலுக்காக த்ரெட்டைக் காக்க வைக்காத முறையை) அடிப்படையாக வைத்துக் கட்டப்பட்டன. 2005-இல் தொடங்கிய இலங்கை நிறுவனம் அது. அதன் ஈஎஸ்பி சினாப்ஸ் என்ற அப்பாச்சி ப்ராஜெக்ட் மேல் நிற்கிறது. அதில் ஒரு எண்ட்பாயிண்ட்டோடு கனெக்ஷன் கிடைக்காவிட்டால் டீஃபால்ட்டாக 30 வினாடிக்கு அதை ஒதுக்கி வைத்துவிடும். அந்த நேரத்தில் வருபவர்களுக்கு உடனே தோல்வி. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பந்தியைக் காப்பாற்றும். கேமலில் இதையே சர்க்யூட் பிரேக்கர் (தோற்றுக்கொண்டே இருக்கும் சர்வீஸுக்கு அழைப்பைக் கொஞ்ச நேரம் துண்டித்து வைப்பது) வைத்துச் செய்துகொள்ளலாம். ஜாவா 21-இன் வர்ச்சுவல் த்ரெட் (செலவு குறைந்த, நிறைய உருவாக்கக்கூடிய த்ரெட்) வந்தபிறகு இலைக்குப் பஞ்சமில்லை என்கிறார்கள், உண்மைதான். ஆனால் பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் கனெக்ஷன்களுக்குப் பஞ்சம் அப்படியேதான் இருக்கிறது.

503-இன் இன்னொரு விளைவு உங்கள் கண்ணில் இன்னும் படவில்லை என்று நினைக்கிறேன். 503 பார்த்த க்ளையன்ட் என்ன செய்வார்? மறுபடி அனுப்புவார். ஆர்டர் இரண்டு தடவை பதிவாகும். நான் வேலை பார்த்த ஒரு காப்பீட்டு ப்ராஜெக்ட்டில் இதே மாதிரி ஒரே பாலிசிக்கு இரண்டு ப்ரீமியம் ரசீது போய்க்கொண்டிருந்தது. அங்கே மறுபடி அனுப்பியது பயனாளர்கூட இல்லை, பஸ்ஸிலேயே வைத்திருந்த ரீட்ரை. ஜிஇடி, புட், டெலிட் எல்லாம் மறுபடி அனுப்பினாலும் முடிவு மாறக் கூடாது என்பது எச்டிடிபியின் விதி. போஸ்ட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. போஸ்ட்டுக்கு ரீட்ரை வைக்க வேண்டுமென்றால், க்ளையன்ட் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு தனி அடையாள எண் அனுப்ப வேண்டும், கேமலின் ஐடெம்பொடன்ட் கன்ஸ்யூமர் (ஒரே மெசேஜ் மறுபடி வந்தால் ஒதுக்கும் பகுதி) அதை நிலையான ஒரு டேபிளில் பார்த்து இரண்டாவதைத் தடுக்க வேண்டும். மெமரியில் வைக்கும் வகை டெமோவுக்கு மட்டும். சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் மறந்துவிடும், இரண்டு நோடு இருந்தால் ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் இந்த ரூட்டில் டைம்அவுட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதே வேண்டாம். 40 வினாடி எடுக்கும் வேலைக்கு எச்டிடிபி கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டு நிற்பானேன்? ஆர்டரை க்யூவில் போட்டவுடனே 202 ('வாங்கிக்கொண்டேன், வேலை இன்னும் முடியவில்லை') கொடுத்துவிடுங்கள், லொக்கேஷன் ஹெடரில் நிலவரம் பார்க்கும் முகவரியைச் சேர்த்து. க்யூ என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதன் வாசலிலேயே பதிலுக்காகக் காத்திருந்தால், க்யூவின் செலவு முழுவதும் நமக்கு, பலன் பாதிகூட இல்லை. க்ளையன்ட் பக்கத்துக் குழு ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். கேட்டுப் பாருங்கள், இரட்டை ஆர்டர்களின் பட்டியலோடு போய்க் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக, காலியான பாடி. ஜெட்டியிலிருந்து பாடி ஓர் இன்புட்ஸ்ட்ரீமாக வருகிறது, ஒருமுறைதான் படிக்க முடியும். உங்கள் லாக் அதைப் படித்துவிட்டது; அடுத்து வந்த காம்பொனென்ட்டுக்கு எதுவும் மிச்சமில்லை. ஸ்ட்ரீம் கேஷிங்கை (பாடியைச் சேமித்து வைத்து மறுபடி படிக்க விடுவது) ஆன் செய்தால் போதும். கேமல் 3.17 முதல் அதுவே டீஃபால்ட், ஆகவே நீங்கள் அதற்கு முந்தைய பதிப்பில் இருக்கிறீர்கள் அல்லது யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். முந்தைய பதிப்பு என்றால் மேலே சொன்ன அப்கிரேட் டிக்கெட் உங்களுக்குத்தான். பெரிய ஃபைல்கள் போகும் ரூட்டில் முழு பாடியை லாக் செய்வது எப்படியும் கெட்ட பழக்கம். டபிள்யூஎஸ்ஓ2-விலும் இதே கதைதான்: யாரும் பாடியைத் தொடாதவரை பாஸ் த்ரூவில் அப்படியே கடத்திவிடும், லாக் லெவலை ஃபுல் என்று வைத்தால் ஒவ்வொரு மெசேஜையும் பிரித்துக் கட்டும், வேகம் போய்விடும். பாடிக்குப் பதிலாக ஒரு கோரிலேஷன் ஐடியை (ஒரே ரிக்வெஸ்ட்டை எல்லா இடத்திலும் அடையாளம் காட்டும் எண்) நுழைவிலேயே உருவாக்கி, ஹெடரில் வைத்து, எல்லா ஹாப்பிலும் லாக் செய்யுங்கள். க்யூ வழியாகப் போகும்போது ஹெடர் பெயரில் ஹைஃபன் இருந்தால் ஜேஎம்எஸ் அனுமதிக்காது என்பதால் கேமல் அதை மாற்றி எழுதி அனுப்பும். மறுமுனையில் கேமல் இல்லாத ஒரு கன்ஸ்யூமர் இருந்தால், ஹைஃபன் உள்ள பழைய பெயரையே தேடி ஏமாறுவார். ஐடியின் பெயரில் ஹைஃபன் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேடல் ரூட்டின் இரண்டு ஆப்ஷனையும் மாற்றிப் பாருங்கள், அது ஐந்து நிமிட வேலை. பதிவு ரூட்டுக்கு, 503 விழுந்த ஒரு ரிக்வெஸ்ட்டின் ஆக்சஸ் லாக் நேரத்தையும், அதே ஆர்டரை பேக்எண்ட் முடித்த நேரத்தையும் கேள்வியில் சேருங்கள். நான் சொன்ன 30 வினாடிக் கணக்கு பொருந்தவில்லை என்றால் நடுவில் லோட் பேலன்சர் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்போம்.