தாய்மாமன் மகனுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். என் 24 வயது மகளை என் தம்பி மகனுக்கே கொடுப்பதாகப் பேசி, தை மாதம் நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் அவளுக்கு ஹீமோகுளோபின் 10.6-ஐத் தாண்டவில்லை. இப்போது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனையில் ‘தலசீமியா மைனர்’ என்று வந்திருக்கிறது. இருவருக்கும் ‘ஓ பாசிட்டிவ்’தான், பயமில்லை என்கிறார் உறவினர் ஒருவர். தம்பி வீட்டில் சொன்னால் சம்பந்தம் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்வது?

பதில்: உங்கள் மகளுக்கு இருப்பதை நோய் என்று சொல்வது பொருந்தாது. ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரை ரத்த நோயான பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றிருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 54 இலட்சம், அது குறையவே இல்லை. ஆனால் அணுவின் பருமனைக் காட்டும் எம்.சி.வி., 80-க்கு மேல் இருக்க வேண்டியது, 63 ஆக இருக்கிறது. அணுக்கள் ஏராளமாக இருந்தும் ஒவ்வொன்றும் சிறுத்திருந்தால் முதலில் தலசீமியாவைத்தான் நினைக்க வேண்டும், இயல்பில் 3.5 விழுக்காட்டுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை, அவருக்கு 5.4 ஆக இருப்பது அதை உறுதிப்படுத்துகிறது. இரண்டு ஆண்டுகள் இதைக் கவனிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தது வருத்தத்துக்குரியது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு உண்மையிலேயே குறைந்திருந்தால் ஒழிய மாத்திரையைத் தொடர வேண்டாம்.

‘ஓ பாசிட்டிவ்’ பொருத்தத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ரத்த வகை வேறு, ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணு வேறு.

மாப்பிள்ளைக்குப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். இந்த மரபணு உங்கள் வழியாக வந்திருந்தால், உங்கள் தம்பிக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர் மகனுக்கு இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. உங்கள் கணவர் வழியாக வந்திருந்தால், மாப்பிள்ளைக்கு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய வெளியாள் ஒருவருக்கு இருப்பது போலத்தான். இந்தியாவில் அது நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். ஆகவே நீங்களும் உங்கள் கணவரும் கூடவே பரிசோதித்துக்கொள்வது நல்லது. மாப்பிள்ளைக்கு வெறும் ரத்த எண்ணிக்கை போதாது, எச்.பி.எல்.சி.யும் எடுக்க வேண்டும். ஹீமோகுளோபினின் அமைப்பை மாற்றும் அரிவாள் அணு மரபணுவோ ஹீமோகுளோபின் ‘ஈ’ மரபணுவோ இருந்தாலும் அதில் தெரியும், அவையும் தலசீமியாவோடு சேர்ந்தால் பிள்ளைக்குக் கடும் நோயைத் தரக்கூடியவை. கடந்த மூன்று மாதங்களுக்குள் அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவு தவறாகக் காட்டக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இருவரிடமும் மரபணு இருந்தால் ஒவ்வொரு கருவிலும், இரண்டு பக்கமிருந்தும் மரபணு சேர்வதால் உண்டாகும் கடும் நோயான தலசீமியா மேஜர் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போடுவோரைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத்தான் தொடங்குகிறது. அந்நோய் கண்ட குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வெளுத்து, மண்ணீரல் வீங்கி, பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியதாகிவிடும். ஏற்றும் ரத்தத்தில் உள்ள இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியாதிருக்க, தினமும் மருந்து வேண்டும்.

அப்படியே இருந்தாலும் திருமணத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கருவுற்ற ஏறத்தாழ 11-ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடியில் சிறிது திசு எடுத்துக் கருவைச் சோதிக்க முடியும். ஆனால் தம்பதி இருவரின் மரபணுப் பிழையும் எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், கருவுற்ற பின் ஓடுவதில் பயனில்லை. இவற்றைப் பேசுவதற்குத்தான் மரபணு ஆலோசனை. அதற்குப் பெரியவர்கள் மட்டும் போய்வராமல், பெண்ணும் மாப்பிள்ளையும் நேரில் உட்கார வேண்டும், முடிவு அவர்களுடையது. கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பயணம்தான்.

நெருங்கிய உறவு என்பதால் தலசீமியா இல்லாவிட்டாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டும் வெளிப்படும் வேறு மறைநிலை மரபு நோய்களுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆலோசகர் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைவார், சிறுவயதில் இறந்த பிள்ளைகளைப் பற்றியும் கேட்பார், மறைக்காதீர்கள்.

தம்பி வீட்டில் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் வழியில் வந்ததாகத் தெரிந்தால் தம்பியின் மற்றப் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனை தேவைப்படும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், இது உங்கள் மகளின் ‘குறை’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது. உங்களுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் திருமணப் பேச்சு தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.