மலை ரோட்டுல பைக், எதிர்ல போன் பார்த்துட்டு வர்ற கார்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. குன்னூர்ல 24 வருஷமா டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமைல புதுசா ஓட்டறவங்களுக்கு ஏத்தம் இறக்கம் பழக்கி விடறேன். சீசன் வந்துட்டா என் கடைக்கு உடைஞ்சு வர்ற வண்டிங்க நிறைய "அவன் போனைப் பார்த்துட்டே வந்து ஏத்திட்டான்"ங்கற ஒரே கதையோடதான் வருது. இன்னைக்கு சாயங்காலம் கடை லீவு. கேளுங்க.

கேத்தி, காலேஜ் படிக்கிற தம்பி: அண்ணா, நான் ஒழுங்கா லெஃப்ட்லதான் போறேன். எதிர்ல வர்ற டூரிஸ்ட் கார் வளைவுல என் பக்கம் ஏறி வந்துடுது. இதுல நான் என்ன பண்ண முடியும்?

பதில்: நிறைய பண்ணலாம் தம்பி. முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்க, அந்த டிரைவர் கண்ணு உன் மேல பட்டாலும் அவர் உன்னைப் பார்த்துட்டார்னு அர்த்தம் கிடையாது. கீழ இருந்து வர்றவர், பக்கத்து சீட்ல மேப் பேசுது, பின்னாடி புள்ளைங்க குரங்கு குரங்குனு கத்துது, ஒரு கை ஜன்னலுக்கு வெளிய வீடியோ எடுக்குது. அவர் மூளை தேடறதெல்லாம் பஸ், லாரி மாதிரி பெருசா வர்றதைத்தான். பைக் ஒல்லியா இருக்கறதால தூரத்துல இருந்து கிட்ட வர்றது கண்ணுக்கு உறைக்காது, கடைசி நேரத்துலதான் திடீர்னு பெருசாத் தெரியும். போதாததுக்கு கார் கண்ணாடி ஓரத்துல இருக்கற தூண் ஒரு பைக்கை முழுசா மறைச்சிடும், அதுவும் வளைவுல கார் திரும்பறப்ப நீயும் அந்தத் தூணும் ஒண்ணாவே நகருவீங்க, ரெண்டு மூணு செகண்ட் நீ அவருக்கு இல்லவே இல்ல.

அதனால நீ எங்க நிக்கறேங்கறதுதான் விஷயம். வலது பக்கம் திரும்பற வளைவுல டயர் உன் பக்கம் இருந்தா போதும்னு நினைக்காத, வண்டி சாயறப்ப உன் தலையும் ஹேண்டில்பாரும் நடுக்கோட்டைத் தாண்டிப் போயிடும், எதிர் கார் கண்ணாடி அங்கதான் வரும், அதனால ரோட்டுல உன் பாதில நல்லா இடது ஓரமா எடு. இடது பக்கம் திரும்பற வளைவுல நேர் மாறு, மலைச்சுவரை ஒட்டிப் போனா நீயும் எதிர்ல வர்றவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறதே லேட்டாயிடும், உள்ள இறுக்கித் திரும்பினா வெளிய வர்றப்ப வண்டி தானா நடுவுக்கு ஓடும். உன் பாதிக்கு நடுவுலயே இரு, வளைவு முடியறது கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் ஆக்ஸிலேட்டர் குடு. வளைவுக்கு முன்னாடி ஹார்ன், ஒரு தடவை, நீளமா. வேகத்துக்கு ஒரே கணக்கு: கண்ணுக்குத் தெரியற தூரத்துல பாதிக்குள்ள நிக்க முடியற வேகம். மீதிப் பாதி எதிர்ல வர்றவருக்கு.

கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர்: மலை ஏற எந்த பைக் பெஸ்ட், 350 சிசி எடுக்கலாமா?

பதில்: பிரேக்கும் டயரும் நல்லா இருக்கற எந்த பைக்கும் ஏறும். எந்த வண்டி வாங்கறதுங்கறதை ஷோரூம்ல கேளுங்க.

வெலிங்டன்: அண்ணா இறக்கத்துல நியூட்ரல் போட்டு இறங்கினா பெட்ரோல் மிச்சமாகுமா?

பதில்: போடவே போடாதீங்க. கியர்ல இருந்தா இஞ்சினே வண்டியைப் பிடிச்சு வைக்கும், நியூட்ரல் போட்டீங்கன்னா மொத்த எடையும் பிரேக் ஷூ மேலயும் பேடு மேலயும் விழும். பர்லியார் இறக்கத்துல 14 கொண்டை ஊசி இருக்கு, பாதி இறங்கறதுக்குள்ள ஷூ சூடாகி லிவர் பிடிச்சாலும் வண்டி நிக்காது. டிஸ்க் பிரேக்னா ஆயில் கொதிச்சு லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் பஞ்சு மாதிரி உள்ள போகும், பழைய ஆயில்ல ஈரம் ஏறியிருந்தா இன்னும் சீக்கிரமாவே கொதிக்கும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. இன்னொண்ணு, இப்ப வர்ற வண்டிங்க பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், கியர்ல ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கறப்ப பெட்ரோல் விடறதையே நிறுத்திடும். நியூட்ரல்ல ஐடிலிங்குக்குக் குடிக்கும். மிச்சம்னு சொல்றதே தப்பு.

கோத்தகிரி, நர்ஸ் வேலை பார்க்கற சகோதரி: நைட் ஷிஃப்ட் முடிச்சு விடியகாலைல ஸ்கூட்டில வர்றேன்ங்க. மிஸ்ட் இறங்கினா பத்தடி தெரியாது, காட்டுமாடு வேற ரோட்டுல நிக்குது. ஹை பீம் போட்டா ஒரே வெள்ளையா இருக்கு. ஸ்கூட்டிக்கு கியரும் இல்ல, இறக்கத்துல என்ன பண்றது?

பதில்: அக்கா, நல்ல கேள்விங்க, ஸ்கூட்டிக்காரங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தர்றதே இல்ல. ஹை பீம் வெளிச்சம் மிஸ்ட்ல பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும், டிம்லயே வாங்க. இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடிச்சு வாங்க, முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டை மட்டும் நம்பி ஒட்டிப் போகாதீங்க, அவர் தடுமாறினா நீங்களும் சேர்ந்துதான் போவீங்க.

ஸ்கூட்டில ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டு வேகம் ரொம்பக் குறைஞ்சா உள்ள கிளட்ச் கழண்டுக்கும், அப்புறம் அதுவும் நியூட்ரல்தான். அதனால இறக்கத்துல துளி ஆக்ஸிலேட்டர் குடுத்து கிளட்ச்சைப் பிடிக்க வச்சு, ரெண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடிங்க. கருகற வாடை வந்தா நிறுத்தி இருபது நிமிஷம் ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க, டிரம்மு விரிசல் விடும். காட்டுமாடு நின்னா ஹார்ன் அடிக்காம, லைட்டை ஆட்டாம தூரமா நில்லுங்க, அது போற வரைக்கும் காத்திருங்க. ஒண்ணு போனா பின்னாடி குட்டி வரும். குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசன்ல யானையும் ரோட்டுக்கு வரும், அந்த மாசங்கள்ல இருட்டுல தனியா வர வேண்டாம்ங்க, பஸ்ஸு பின்னாடியாவது வாங்க. டெயில் லைட்டு மேல ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்க, கடைக்கு வந்தா நானே ஒட்டித் தர்றேன்.

ஊட்டி, டாக்ஸி ஓட்டறவர்: எல்லாத்துக்கும் கார்காரனையே சொல்றீங்களே. 18 வருஷமா ஓட்டறேன், ப்ளூடூத்லதான் பேசறேன், ஒரு கீறல் கிடையாது. பைக் பசங்கதான் வளைவுல உள்ள பூந்து வர்றாங்க, காதுல பாட்டு வேற. போன் எடுக்கலைன்னா அடுத்த டிரிப்பு வேற ஆளுக்குப் போயிடும், எங்க பொழப்பை நீங்க பார்க்கறீங்களா?

பதில்: பொழப்பு புரியுதுங்க அண்ணா, என் தம்பியும் டாக்ஸிதான். பைக் பசங்க தப்பையும் மறைக்கல. அமெரிக்காவுல ஹாரி ஹர்ட்ங்கறவர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 900 பைக் விபத்தை இடத்துக்கே போய் ஆராய்ஞ்சு 1981ல அறிக்கை குடுத்தார். தனியா விழுந்ததுல மூணுல ரெண்டு பங்கு ஓட்டினவங்க தப்பு. வேற வண்டியோட மோதினதுல மூணுல ரெண்டு பங்கு அந்த வண்டிக்காரர் பைக்குக்கு வழி விடாம நுழைஞ்சது. ரெண்டு பக்கமும் கணக்கு இருக்குங்க.

ஆனா ப்ளூடூத் பத்தி நீங்க சொல்றதை ஒத்துக்க மாட்டேன். கை ஸ்டியரிங்ல இருக்கு, கண்ணு ரோட்டுல இருக்கு, மனசு டிரிப்பு வாடகைல இருக்கு. யூட்டா பல்கலைக்கழகத்துல டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2001லயே சோதிச்சுப் பார்த்தாங்க, போன் பேசறவங்க சிக்னலைத் தவற விடறது ரெண்டு மடங்காச்சு, கையில பிடிச்சுப் பேசினாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீல பேசினாலும் வித்தியாசமே இல்ல. சட்டம் கையில பிடிக்கறதைத்தான் பிடிக்கும், மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவுல 1000 முதல் 5000 ரூபாய் வரைக்கும் அபராதம், ஜெயிலும் இருக்கு. சட்டத்துல தப்பிச்சா வளைவுலயும் தப்பிச்சுடலாம்னு இல்லைங்களே.

வெலிங்டன் ஆளு மறுபடி: அப்ப பக்கத்து சீட்ல பொண்டாட்டி பேசினாலும் அதே ஆபத்துதானே?

பதில்: இல்லைங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்களுக்கும் ரோடு தெரியும், எதிர்ல பஸ் வந்தா பேச்சைத் தானா நிறுத்துவாங்க, "பார்த்து"னு சொல்லவும் செய்வாங்க. போன்ல இருக்கறவருக்கு நீங்க கொண்டை ஊசில இருக்கறது தெரியாது.

ஊட்டி டாக்ஸி அண்ணா: ரெண்டு செகண்ட் பேர் யாருன்னு பார்க்கறது கூடத் தப்பா?

பதில்: 30ல போனா ஒரு செகண்டுக்கு 8 மீட்டருக்கு மேல ஓடுது. ரெண்டு செகண்ட்னா 16 மீட்டர் கண்ணை மூடி ஓட்டின மாதிரி. நம்ம ரோட்டுல ஒரு வளைவே சில இடத்துல அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஏழு வருஷத்துக்கு முன்னாடி காட்டேரிக்குக் கீழ நான் ஏறி வர்றேன், எதிர்ல இறங்கின கார் மெதுவாத்தான் வந்துச்சு, அப்படியே சாஞ்சு சாஞ்சு என் பக்கம் வருது, ஹார்ன் அடிச்சேன், கத்தினேன், அந்தப் பையன் குனிஞ்சு மடியைப் பார்த்துட்டு இருந்தான். இடது கால்ல இன்னும் ராடு இருக்கு. வேகமே இல்லாத கார்ங்க அது. இறங்கி வந்து அழுதுட்டே "பார்க்கவே இல்லண்ணா"ன்னான். பொய் சொல்லல, நிஜமாவே பார்க்கல. அவனும் நல்ல பையன்தான், அதுதான் எனக்குப் பயமே.

காதுல பாட்டு போட்டு ஓட்டற பசங்களுக்கும் இதே பதில்தான். பின்னாடி பஸ் ஹார்ன் அடிக்கறது கேட்கலைன்னா மலைல பாதிக் கண்ணு போன மாதிரி.

அரவங்காடு: இறக்கத்துல நியூட்ரல்ல...

பதில்: மேல வெலிங்டன்காரருக்குச் சொல்லியாச்சு. கூடாது.

மேட்டுப்பாளையம்: வளைவுல பஸ் அகலமா எடுக்கறப்ப உள்பக்கம் நல்லா கேப் கிடைக்குது, பூந்துடலாமா?

பதில்: அந்த கேப் உங்களுக்கு விட்டதில்லைங்க. பஸ்ஸோட பின் சக்கரம் முன் சக்கரம் போன வழில வராது, உள்பக்கமா வெட்டிட்டு வரும். டிரைவர் வெளிய அகலமா எடுக்கறதே அந்தப் பின் சக்கரம் திரும்பத்தான். பாதி வளைவுல கேப் மூடும், உங்களுக்கு ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் சுவர். பின்னாடி நில்லுங்க, ஏறி வர்ற பஸ்ஸுக்கு இறங்கறவங்க வழி விடுங்க, ஏறற வண்டிக்குத்தான் முதல் உரிமை.

திருப்பூர்: கல்லட்டி வழியா மசினகுடி இறங்கலாமா? இ-பாஸ் எங்க எடுக்கறது?

பதில்: கல்லட்டில 36 கொண்டை ஊசி, ரொம்பச் செங்குத்து, பிரேக் போய் கவிழ்ந்த வண்டி எத்தனையோ. வெளியூர் வண்டியை அதுல இறங்க விடாம செக்போஸ்ட்ல திருப்பி விடுவாங்க, சண்டை போடாதீங்க, கூடலூர் சுத்திப் போங்க. இ-பாஸுக்கு அரசு தளத்தைப் பாருங்க.

கூடலூர்: எந்த ஹெல்மெட் நல்லது? பின்னாடி உட்கார்றவங்களுக்கும் வேணுமா?

பதில்: ஐஎஸ்ஐ முத்திரை, முழு முகம் மூடறது, தலைக்கு இறுக்கமா. பட்டையைப் போடுங்க. பின்னாடி உட்கார்றவங்களுக்கும் கட்டாயம், அவங்க தலையும் தலைதான். சரியா போட்ட ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்குதுன்னு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து கணக்குப் போட்டிருக்காங்க.

குந்தா: எந்த ஹெல்மெட் கம்பெனி...

பதில்: மேல பாருங்க தம்பி, ப்ளீஸ்.

லவ்டேல்: மிஸ்ட்ல நாலு இண்டிகேட்டரும் போட்டு ஓட்டறது நல்லதுதானே?

பதில்: ஓடற வண்டில வேண்டாம். நீங்க எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னே பின்னாடி வர்றவருக்குத் தெரியாது, நின்னுட்டீங்கன்னு வேற நினைச்சுக்குவார். நிறுத்தினா மட்டும் போடுங்க.

கோத்தகிரி சகோதரி மறுபடி: ரோட்டுல அடிபட்டுக் கிடந்தா தொடவே பயப்படறாங்க, போலீஸ் கேஸ்னு. நீங்களும் சொல்லுங்க.

பதில்: நீங்க கேட்டதுக்கு நன்றிங்க அக்கா. உதவி பண்றவங்களை வற்புறுத்தி சாட்சியாக்கக் கூடாது, பேர் சொல்லக் கூட கட்டாயப்படுத்தக் கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவுலயே இருக்கு. 108க்கு அடிங்க, வளைவுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆளை நிறுத்தி வர்ற வண்டியை மெதுவாக்குங்க, இல்லைன்னா ரெண்டாவது விபத்து நடக்கும். ஹெல்மெட்டை இழுத்துக் கழட்டாதீங்க, மூச்சு விட முடியாட்டி மட்டும்தான், அதுவும் ரெண்டு பேர் கழுத்தைத் தாங்கிப் பிடிச்சு. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் செல்லும். காசு இருக்கான்னு யோசிச்சு நிக்க வேண்டாம்.

குன்னூர்: இறக்கத்துல இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு...

பதில்: நியூட்ரலை விட மோசம். மூணாவது ஆள் இன்னைக்கு. தயவுசெஞ்சு வேண்டாம்.

ஊட்டி டாக்ஸி அண்ணா: சரிங்க, நீங்க சொல்றது மனசுல படுது. ஆனா ஓனர் கூப்பிட்டா எங்க நிறுத்திப் பேசறது? ரோட்டுல இடமே கிடையாது.

பதில்: நியாயமான கேள்விங்க. வளைவுலயும், வளைவு முடிஞ்ச உடனேயும் நிறுத்தாதீங்க. பர்லியார்ல கடைங்க பக்கம் இடம் இருக்கு, மரப்பாலம் தாண்டி அகலமான ஓரங்கள் சிலது இருக்கு, காட்டேரி பார்க் முன்னாடி நிறுத்தலாம். கோத்தகிரி வழின்னா குஞ்சப்பனை, அப்புறம் அரவேணு. ஓனர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுடுங்க, மலைல இருக்கேன், இந்த இடங்கள்ல இருந்துதான் திருப்பிக் கூப்பிடுவேன்னு. போன்ல "ஓட்டிக்கிட்டிருக்கேன்"னு தானா மெசேஜ் போற வசதியும் இருக்கு, தெரியலைன்னா நாளைக்கு கடைப் பக்கம் வாங்க, செட் பண்ணித் தர்றேன்.