சி26 எலியில் தசை இளைப்பு: கட்டி வளர்ந்தும் எடை குறையாவிட்டால்

சி26 (எலியின் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்) செலுத்திய எலிகளில் கட்டி வளர்ந்தும் உடல் எடை குறையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கட்டியின் எடையைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். நீங்கள் எழுதியபடி, செல் செலுத்தும்போது 22 கிராம், 14ஆம் நாளும் 22 கிராம், கட்டி 1.2 கிராம். அப்படியானால் எலியின் உண்மையான எடை 20.8 தான். 5 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. மொத்த எடையைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

கழித்த பிறகும் மற்ற எலிகளில் குறைவில்லை என்றால், செல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சி26-இல் தசையைக் கரைப்பதில் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டியாக நன்றாக வளர்ந்தும் தசையைத் தொடாத சி26 கிளைகளும் (அதே செல்லிலிருந்து பிரிந்த வகைகள்) இருக்கின்றன. ரத்தச் சீரத்தில் இன்டர்லூகின்-6 எவ்வளவு என்று எலைசா (புரத அளவைக் காட்டும் சோதனை) செய்து பாருங்கள்.

கூடவே தசையையும் நேரடியாக எடை போடுங்கள்:

1. இரு கால்களிலும் டிபியாலிஸ் ஆன்டீரியர் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை), கெண்டைச்சதை இரண்டையும் எடுத்து, கொழுப்பை நீக்குங்கள்.
2. ரத்தத்தை ஒற்றியவுடன் தராசில் வையுங்கள். சின்னத் தசை என்பதால் ஈரம் காயக் காய எண் இறங்கிக்கொண்டே போகும். எல்லா எலிக்கும் ஒரே இடைவெளி முக்கியம்.
3. தசை எடையை எலியின் தொடக்க உடல் எடையால் வகுங்கள், கடைசி எடையால் அல்ல.
4. ஒரு காலின் தசையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, தசைப் புரதச் சிதைவோடு தொடர்புள்ள அட்ரோஜின்-1, மர்ஃப்-1 மரபணுக்கள் இரண்டுக்கும் கியூபிசிஆர் (மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று அளக்கும் சோதனை) போடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: கட்டி உள்ள எலி சாப்பாட்டையும் குறைக்கும். கட்டி உள்ள எலி தினமும் தின்னும் தீவனத்தை எடை போட்டு, அதே அளவு மட்டும் தரும் கட்டியில்லா எலிக் குழு ஒன்று இல்லாவிட்டால், இளைப்பு கட்டியாலா பட்டினியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.